பாஸ்டரின் சோதனையை நீங்களே செய்து பார்க்கலாம்: பத்துக் குடுவை, ஒரு குக்கர், ஒரு பிடி வைக்கோல்

இரவு மிஞ்சிய சாம்பாரை ஒரு கொதி விட்டு வைத்தால் காலை வரை தாங்கும், அப்படியே விட்டால் நுரைத்துப் போகும். சமையலறையில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் ஏன் அப்படி என்ற கேள்வியில் ஐரோப்பாவின் பெரிய மூளைகள் ஏறத்தாழ 130 வருடம் சண்டை போட்டன. கெட்டுப்போன சாற்றில் நெளிகிற நுண்ணுயிரிகள் அந்தச் சாற்றிலிருந்தே தானாகப் பிறக்கின்றனவா, இல்லை வெளியிலிருந்து வந்து விழுகின்றனவா என்பதுதான் சண்டை.

பாடப்புத்தகத்தில் இது அரைப் பக்கத்தில் முடிந்துவிடும்: ஃபிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர் சாற்றைக் கொதிக்க வைத்தார், அன்னத்தின் கழுத்துப் போல வளைந்த வாயுள்ள குடுவையில் வைத்தார், ஒன்றும் முளைக்கவில்லை, வென்றார். அதைப் படித்துவிட்டு சோதனையைச் செய்தால் பாதிப் பேருக்குத் தோற்கும். எனக்கும் முதல் தடவை தோற்றது. இந்தச் சோதனையில் கொதிக்க வைப்பது எளிய வேலை. எத்தனை குடுவை, எதை மூடுவது, எதைத் திறந்து விடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு குடுவையும் யாரோ ஒருவர் எழுப்பிய ஆட்சேபணைக்குப் பதில். யாருக்கு எந்தப் பதில் என்று தெரிந்துகொண்டு செய்தால் ஒரு படியையும் விட மனம் வராது.

முதலில் சண்டையைப் புரிந்துகொள்ளுங்கள்

இறைச்சியில் புழு தானாகத் தோன்றுவதில்லை, ஈ இட்ட முட்டையிலிருந்து வருகிறது என்று இத்தாலியின் ஃபிரான்செஸ்கோ ரேடி 1668-லேயே காட்டிவிட்டார். ஜாடியின் வாயில் மெல்லிய துணி கட்டினார், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரிகிற உயிர்களைப் பொறுத்தவரை கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த சில வருடங்களில் டச்சுக்காரர் லேவன்ஹூக் தன் நுண்ணோக்கியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் உலகத்தைக் காட்டிவிட்டார். சரி, புழு வேண்டுமானால் முட்டையிலிருந்து வரட்டும், இந்தத் துளி உயிர்கள் எங்கிருந்து வருகின்றன?

1748-இல் ஜான் நீடாம் என்ற ஆங்கிலப் பாதிரியார் ஆட்டிறைச்சிச் சாற்றைச் சூடாக்கி, தக்கையால் இறுக மூடி வைத்தார். சில நாளில் அதில் நுண்ணுயிரிகள் நிறைந்தன. சூடு எல்லாவற்றையும் கொன்றிருக்கும், ஆகவே இவை தானாகப் பிறந்தவை என்றார். அவருடைய பிழை நமக்கு இப்போது தெரிகிறது: சூடு போதவில்லை, தக்கையும் போதவில்லை.

இத்தாலியின் லாசரோ ஸ்பலன்சானி 1765 வாக்கில் இதைத் திருப்பிச் செய்தார். குடுவையின் கழுத்தையே நெருப்பில் உருக்கி ஒட்டிவிட்டு, நீண்ட நேரம் கொதிக்க வைத்தார். ஒன்றும் முளைக்கவில்லை. அவர் இன்னொன்றையும் கவனித்தார்: சில வகை உயிர்கள் கொதி வந்ததுமே செத்தன, சில அரை மணி நேரக் கொதியையும் தாங்கின. இந்தக் குறிப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு விடை கிடைக்க நூறு வருடத்துக்கு மேல் ஆனது.

நீடாம் மசியவில்லை. அவர் திருப்பிக் கேட்டது இரண்டு கேள்வி. அவ்வளவு நேரம் கொதிக்க வைத்தால் சாற்றுக்குள் இருக்கும் உயிர் உண்டாக்கும் ஆற்றலே அழிந்துவிடாதா? உள்ளே அடைபட்ட காற்றும் கெட்டுவிடாதா? முதல் கேள்விக்கு ஸ்பலன்சானியிடம் பதில் இருந்தது. குடுவையைத் திறந்துவிட்டதும் அதே சாறு கெட்டதே! இரண்டாவதற்கு இல்லை. போதாக்குறைக்கு, ஃபிரான்சில் நிக்கோலா அப்பேர் இதே முறையில் புட்டியில் அடைத்துக் கொதிக்க வைத்துப் பாதுகாத்த உணவைச் சோதித்த வேதியியலாளர் கே-லுசாக், உள்ளே இருந்த காற்றில் ஆக்சிஜன் இல்லை என்றார். அப்படியானால் உயிர் தோன்றாததற்கு ஆக்சிஜன் இல்லாததே காரணமாக இருக்கலாமே!

ஆகவே தேவைப்பட்டது ஒரு விசித்திரமான பாத்திரம். காற்று தாராளமாக உள்ளே போக வேண்டும், காற்றில் மிதக்கிற தூசு மட்டும் போகக் கூடாது. 1854-இல் ஷ்ரோடரும் ஃபான் டுஷ்ஷும் பஞ்சை வடிகட்டியாக வைத்துப் பார்த்தார்கள். பாஸ்டர் கழுத்தை நீட்டி வளைத்துவிட்டார்.

பொருள்கள்

100 அல்லது 150 மி.லி. கூம்புக்குடுவைகள் பத்து. பள்ளி ஆய்வகத்தில் கிடைக்கும். வீட்டில் செய்தால் ஒரே அளவுள்ள, சூடு தாங்கும் கண்ணாடிப் பாட்டில்கள் போதும். மூன்று குடுவைகளுக்குப் பொருத்தமான துளையுள்ள ரப்பர் தக்கைகள். மீன்தொட்டிக்கு விற்கிற சிலிக்கான் குழாய் ஒரு மீட்டர். கண்ணாடிக் குழாயை விளக்கில் காட்டி வளைக்கத் தெரிந்தால் அதுவே அழகு. தெரியாதவர்கள் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டாம், சிலிக்கான் குழாயைக் கம்பியில் கட்டிப் படுத்த ‘ட’ போலவோ பாம்பு போலவோ வளைத்துக்கொள்ளலாம். கீழ்நோக்கிய வளைவு ஒன்றாவது இருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

பஞ்சு விஷயத்தில் மருந்துக்கடைப் பஞ்சை வாங்காதீர்கள். அது ஈரத்தை இழுக்கும், ஈரமான பஞ்சு வழியாக நுண்ணுயிரிகள் உள்ளே போய்விடும். இலவம்பஞ்சில் தண்ணீர் ஒட்டாது. அதை மெல்லிய துணியில் சுருட்டி அடைப்பான் செய்தால் நன்றாக வேலை செய்யும்.

இவை தவிர பேக்கரி ஈஸ்ட், சர்க்கரை, சமையல் சோடா, ஒரு பிடி வைக்கோல், பிரஷர் குக்கர், ஒரு டார்ச்.

படி 1: சாறு

இறைச்சிச் சாறு வேண்டாம். அதில் வளர்வது எதுவாக இருக்கும் என்று சொல்ல முடியாது, நாற்றமும் தாங்காது. பாஸ்டர் பெரும்பாலும் பயன்படுத்தியது சர்க்கரை சேர்த்த ஈஸ்ட் தண்ணீர், நாமும் அதையே செய்வோம்.

ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி உலர் ஈஸ்ட்டைப் போட்டுக் கால் மணி நேரம் கொதிக்க விடுங்கள். ஆறியதும் ஃபிரிட்ஜில் ஓர் இரவு வையுங்கள். அடியில் மண்டி படிந்திருக்கும். மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து, வடிதாளில் வடிகட்டி, 50 கிராம் சர்க்கரை கரையுங்கள். தெளிவு முக்கியம். கலங்கியதா இல்லையா என்று பார்ப்பதுதான் முழுச் சோதனையும், ஆரம்பத்திலேயே கலங்கல் என்றால் எதைப் பார்ப்பது?

இப்போது சாற்றை ஒரு மணி நேரம் திறந்து வைத்து, ஒரு கரண்டி குழாய்த் தண்ணீரையும் கலந்துவிடுங்கள். செய்த சாற்றை நாமே கெடுப்பது போலத் தோன்றும். ஆனால் சாறு ஏற்கெனவே கொதித்தது. எல்லாக் குடுவையிலும் கொஞ்சம் நுண்ணுயிரி இருந்தால்தான் அடுத்த கொதி அவற்றைக் கொன்றது என்று சொல்ல முடியும்.

படி 2: ஆறு குடுவைகள்

ஆறிலும் சம அளவு சாறு, பாதிக்கு மேல் வேண்டாம். எண்ணும் தேதியும் எழுதி ஒட்டுங்கள்.

குடுவை 1: கொதிக்க வைப்பதில்லை, வாய் திறந்தது.
குடுவை 2: கொதிக்க வைத்தது, வாய் திறந்தது.
குடுவை 3: பஞ்சு அடைத்துக் கொதிக்க வைத்தது.
குடுவை 4: வளைகுழாய் பொருத்திக் கொதிக்க வைத்தது.
குடுவை 5: நான்கைப் போலவே. ஆனால் பத்தாம் நாள் இதன் குழாயைக் கழற்றிவிடுவோம்.
குடுவை 6: வளைகுழாய் பொருத்தியது, கொதிக்க வைப்பதில்லை.

பெரும்பாலான செய்முறைகளில் விட்டுவிடுவது ஐந்தையும் ஆறையும்தான். எனக்கோ அவை இரண்டும்தான் சோதனையின் உயிர். நான்கு தெளிவாக இருந்தால், “குழாய் வழியாகப் போதிய காற்று போகவில்லை, அதனால் உயிர் தோன்றவில்லை” என்று ஒருவர் சொல்லலாம். ஆறு அவருக்குப் பதில்: அதே குழாய், அதே காற்று, ஆனாலும் கலங்கியது. “கொதித்த சாற்றில் உயிரைத் தாங்கும் சத்து போய்விட்டது” என்று நீடாம் வந்து நின்றால் அவருக்கு ஐந்து பதில்: பத்து நாள் சும்மா இருந்த அதே சாறு, குழாயைக் கழற்றியதும் கெட்டது.

ஸ்பலன்சானி போல முழுக்க அடைத்த குடுவையை மட்டும் செய்யாதீர்கள். அடைத்த கண்ணாடியைச் சூடாக்கினால் வெடிக்கும். அதுமட்டுமல்ல, அரைகுறையாகக் கொதித்துக் காற்றில்லாமல் அடைபட்ட சாறு பொட்டுலினம் நச்சை உண்டாக்கும் பாக்டீரியாவுக்குப் பிடித்தமான இடம்.

படி 3: கொதிக்க வைத்தல்

பஞ்சையும் குழாயையும் கொதிப்பதற்கு முன்பே பொருத்திவிட வேண்டும். கொதித்த பிறகு மூடினால் கையோடு காற்றும் தூசும் போய்விடும். 2, 3, 4, 5 நான்கையும் ஓர் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதில் இறக்குங்கள். பாத்திரத்துத் தண்ணீரில் ஒரு கைப்பிடி உப்புப் போட்டு மூடி வைத்தால் குடுவைக்குள் நன்றாகச் சூடேறும். வளைகுழாயின் நுனியில் ஆவி வரத் தொடங்கியதிலிருந்து 20 நிமிடம். அந்த ஆவி குழாயின் உட்புறத்தையும் சுத்தப்படுத்துகிறது. ஆவி வரவே இல்லையென்றால் குடுவையை வலைத்தட்டில் வைத்து நேரடியாகச் சிறு தீயில் காட்டுங்கள். குழாய் எங்காவது மடிந்து அடைபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், முகத்தைக் குடுவைக்கு மேலே கொண்டுபோகாமல்.

அப்புறம் ஆறவிடும் கட்டம். நான் தோற்றது இங்கேதான். அவசரத்தில் குடுவைகளைத் தூக்கி மின்விசிறிக்கு அடியில் வைத்தேன். மூன்றாம் நாள் நான்கும் ஐந்தும் கலங்கிவிட்டன. குடுவை குளிரும்போது உள்ளே ஆவி சுருங்கி, வெளிக்காற்றை இழுக்கும். வேகமாகக் குளிர்ந்தால் காற்று வேகமாகப் பாயும், தூசு வளைவில் படிய நேரமில்லை. பாஸ்டருக்கு இது தெரிந்திருந்தது. முதலில் நுழைகிற காற்று கொதிநிலையில் இருக்கும் சாற்றைச் சந்திக்கிறது, பின்னால் வருவது மெல்ல நகர்ந்து ஈரமான வளைவுகளில் தூசை விட்டுவிட்டு வருகிறது என்று விளக்கியிருக்கிறார். ஆகவே அடுப்பை அணைத்துவிட்டு, வெந்நீரிலேயே, ஜன்னலைச் சாத்திவிட்டு இரவு முழுக்க விடுங்கள்.

படி 4: தினமும் பார்த்தல்

வெயில் படாத அலமாரியில், ஆட்டாமல் வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில், அறையை இருட்டாக்கி, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். முதல் நாள் ஒளி எவ்வளவு தெரிந்தது என்று எழுதி வைத்து அதோடு ஒப்பிடுங்கள். இது பாஸ்டர் காலத்து இயற்பியலாளர் ஜான் டிண்டால் கையாண்ட உத்தி. காற்றில் தூசு இல்லை என்று நிரூபிக்க, பெட்டிக்குள் ஒளிக்கற்றை பாய்ச்சி, பாதை கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை காத்திருந்தார்.

நம் ஊர் வெப்பத்தில் 1 இரண்டு நாளைக்குள் கலங்கி நுரைக்கும். 6 அதைத் தொடர்ந்து வரும். 2 சற்றுத் தாமதமாக வரலாம், சில சமயம் மேலே பூஞ்சை வட்டமாகப் பூக்கும். 3, 4, 5 தெளிவாக இருக்க வேண்டும். பத்தாம் நாள் 5-இன் தக்கையைக் கழற்றி, அரை நாள் திறந்தே வைத்துவிட்டுக் கவனியுங்கள்.

வாய் திறந்திருந்தும் 2 கலங்காமல் நின்றால் பயப்பட வேண்டாம், தூசு எல்லா இடத்திலும் ஒரே அளவில் விழுவதில்லை. 1860-இல் பாஸ்டர் கொதித்த சாறு அடைத்த குடுவைகளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஒரு கணம் திறந்து மூடியது இதைக் காட்டத்தான். ஜூரா மலையடிவாரத்தில் 20-இல் 8 கெட்டன, 850 மீட்டர் உயரத்தில் 20-இல் 5, ஆல்ப்ஸ் மலையில் மேர் டி கிளாஸ் என்ற பனியாற்றின் பக்கத்தில் 20-இல் 1. காற்றே உயிரைப் பிறப்பிக்கிறது என்றால் எல்லாக் குடுவையும் கெட்டிருக்க வேண்டுமே.

படி 5: பாஸ்டரைத் தோற்கடிக்கும் வைக்கோல்

இங்கே நிறுத்திவிட்டால் அரைப் பக்கப் பாடப்புத்தகத்தோடு நிற்கிறோம். ஆனால் நுண்ணுயிரிகள் தானாகப் பிறக்கின்றன என்று நம்பிய, ஃபிரான்சின் ரூவான் நகரத்து ஃபெலிக்ஸ் புஷே விடவில்லை. 1863-இல் இரண்டு நண்பர்களோடு பிரனீஸ் மலையில் ஏறி, பாஸ்டர் செய்ததைப் போலவே செய்தார். அவருடைய குடுவைகள் அத்தனையும் கெட்டன. அவர் பொய் சொல்லவில்லை, கைவேலையிலும் அப்படியொன்றும் சோடை போகவில்லை. ஒரே வித்தியாசம், அவர் கொதிக்க வைத்தது ஈஸ்ட் தண்ணீர் அல்ல, காய்ந்த புல்லின் கஷாயம்.

விசாரிக்க வந்த ஃபிரெஞ்சு அறிவியல் கழகக் குழு பாஸ்டர் பக்கம் சாய்ந்தது, புஷே விலகிக்கொண்டார். யாராவது அந்தக் குழுவின் முன்னால் வைக்கோல் கஷாயத்தைக் கொதிக்க வைத்திருந்தால் அன்றைக்குப் பாஸ்டர் திணறியிருப்பார் என்பது என் எண்ணம். லேசான புளிப்புள்ள ஈஸ்ட் தண்ணீர் அவருக்கு அமைந்த அதிர்ஷ்டம். பால் 100 டிகிரியில் கொதித்தும் கெடுகிறது, 110 டிகிரி வேண்டியிருக்கிறது என்று அவரே பார்த்திருந்தார்.

நாம் செய்து பார்ப்போம். வைக்கோலை நறுக்கி அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் சில மணி நேரம் ஊறப்போட்டு, வடிகட்டி, ஒரு சிட்டிகை சமையல் சோடா சேருங்கள். நான்கு குடுவையில் ஊற்றிப் பஞ்சு அடையுங்கள்.

குடுவை 7: பத்து நிமிடம் கொதி.
குடுவை 8: ஒரு மணி நேரம் கொதி.
குடுவை 9: பிரஷர் குக்கர்.
குடுவை 10: மூன்று நாள், நாளுக்கு அரை மணி நேரம் கொதி.

குக்கரில் வைக்கும்போது பஞ்சின் மேல் அலுமினியத் தாளைக் கவிழ்த்துக் கட்டுங்கள். வெயிட் போடுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஆவியைத் தாராளமாகப் போக விடுங்கள். உள்ளே காற்று தங்கினால் அழுத்தம் ஏறும், சூடு அந்த அளவுக்கு ஏறாது. விசில் எண்ணுவது இங்கே உதவாது. முதல் விசிலுக்குப் பிறகு தீயைக் குறைத்து 30 நிமிடம் கடிகாரம் பார்த்து வையுங்கள். அழுத்தம் தானாக இறங்கும்வரை வெயிட்டைத் தூக்காதீர்கள், தூக்கினால் கஷாயம் பொங்கிப் பஞ்சு நனைந்து எல்லாம் வீண்.

7 மூன்று நாளைக்குள் கெட்டுவிடும், மேலே பாலாடை போலச் சுருக்கமான ஓர் ஏடு படரும். 8 கூடப் பெரும்பாலும் தப்பாது. ஒரு மணி நேரம் கொதித்ததில், பஞ்சு அடைத்ததில், உயிர் எப்படி வந்தது? நீடாமும் புஷேயும் கல்லறையிலிருந்து எழுந்து வந்து சிரிக்கிற இடம் இது. 9-ஐயும் 10-ஐயும் பார்க்கும்வரைதான் அந்தச் சிரிப்பு. அவை தெளிவாக நிற்கும்.

என்ன நடக்கிறது?

முட்டையின் வெள்ளைக்கரு வேகும்போது கெட்டியாவதைப் பார்த்திருப்பீர்கள். புரதம் தன் மடிப்பைக் குலைத்துக்கொள்கிறது, திரும்ப மடங்காது. நுண்ணுயிரியின் உடலும் புரதத்தால் இயங்குவதுதான். சூடேறும்போது அதன் நொதிகள் குலைகின்றன, சவ்வு ஒழுகுகிறது. இயங்கிக்கொண்டிருக்கும் சாதாரண பாக்டீரியாவுக்கு 60, 70 டிகிரியே போதும். பாலை 72 டிகிரியில் 15 விநாடி வைத்தால் போதும் என்று பால் பதனிடுவோர் கணக்கு வைத்திருப்பது இதனால்தான். ஈரம் இதற்கு உதவுகிறது: 121 டிகிரி நீராவி 15 நிமிடத்தில் செய்வதை உலர்ந்த அடுப்பு 160 டிகிரியில் இரண்டு மணி நேரம் எடுத்துச் செய்யும்.

எல்லாம் ஒரே நொடியில் சாவதில்லை. குறிப்பிட்ட சூட்டில் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒன்பது பங்கு சாகும். 10 லட்சம் இருந்தால் முதலில் ஒரு லட்சம் மிஞ்சும், அப்புறம் பத்தாயிரம், அப்புறம் ஆயிரம். அதனால் எவ்வளவு சூடு என்பதோடு எவ்வளவு நேரம், ஆரம்பத்தில் எத்தனை இருந்தன என்பதும் கணக்கில் வரும். பொட்டுலினம் பாக்டீரியாவின் ஸ்போர்களில், அதாவது அதன் உறக்க நிலை வடிவத்தில், பத்தில் ஒன்பது பங்கு சாக 121 டிகிரியில் ஏறத்தாழ 0.2 நிமிடம். டப்பா உணவுத் தொழிலில் இந்தப் பத்தில் ஒன்றாக்குவதை 12 முறை செய்கிற அளவுக்குச் சூடு கொடுப்பார்கள்.

அந்த ஸ்போர்தான் வைக்கோலின் ரகசியம். பேசில்லஸ் சப்டிலிஸ் போன்ற பாக்டீரியாக்கள் காலம் கெட்டால் விதை மாதிரி ஓர் உறக்க நிலைக்குப் போய்விடும். உள்ளே தண்ணீர் மிகக் குறைவு, சுற்றிலும் தடித்த உறைகள். தண்ணீர் இல்லாத இடத்தில் புரதம் எளிதில் குலையாது, ஆகவே கொதிநீர் ஒன்றும் செய்யாது. ஃபெர்டினான்ட் கோன் 1876-இல் இதைக் கண்டு விளக்கினார். ஸ்பலன்சானி பார்த்த, அரை மணிக் கொதியையும் தாங்கியவை ஏன் தாங்கின என்பதற்கு விடை ஒருவழியாகக் கிடைத்தது. ஜப்பானில் வேகவைத்த சோயாவை நெல் வைக்கோலில் பொதிந்து நாட்டோ என்ற புளித்த உணவு செய்வார்களே, அதைப் புளிக்க வைப்பதும் வைக்கோலில் தூங்கும் இதே பாக்டீரியாதான்.

குடுவை 10 டிண்டாலின் மூளை. அவருடைய லண்டன் ஆய்வகத்துக்குள் வைக்கோல் கட்டு ஒன்று வந்த பிறகு, அதுவரை ஒழுங்காக நடந்த சோதனைகள் எல்லாம் தோற்கத் தொடங்கின. இடத்தையே கியூ தாவரவியல் தோட்டத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. 1877-இல் அவர் கண்டுபிடித்த வழி, ஸ்போரோடு மல்லுக்கட்டாமல் அதை எழுப்புவது. முதல் கொதியில் விழித்திருப்பவை சாகும். இரவில், சத்துள்ள வெதுவெதுப்பான சாற்றில், தூங்கியவை முளைக்கும். முளைத்ததும் அவற்றின் கவசம் போய்விடும், இரண்டாம் நாள் கொதியில் சாகும். மிஞ்சியதற்கு மூன்றாம் நாள். வெறும் தண்ணீரில் இது பலிக்காது, முளைக்கச் சத்து வேண்டும். இரண்டு வருடம் கழித்து பாஸ்டரின் உதவியாளர் ஷார்ல் ஷாம்பர்லான் அழுத்த நீராவிக் கலனைச் செய்தார். மருத்துவமனைகளில் இன்று இருக்கிற ஆட்டோகிளேவ் அதன் வாரிசு, நம் குக்கர் அதற்குத் தூரத்து உறவு.

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருந்து செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், ஆகவே படி 3-இல் 20 நிமிடத்தை 40 ஆக்குங்கள். குடிதண்ணீர் கொதிக்க வைக்கும்போது 2000 மீட்டருக்கு மேல் ஒரு நிமிடத்துக்குப் பதில் மூன்று நிமிடம் கொதிக்க விடச் சொல்வதும் இதற்காகத்தான். குடிநீரைப் பொறுத்தவரை ஸ்போர்களைப் பற்றிக் கவலை வேண்டாம், நம்மைப் படுக்க வைக்கிற காலரா, டைஃபாய்டு கிருமிகள் ஸ்போர் ஆவதில்லை.

படி 6: முடித்து வைத்தல்

கலங்கிய எதையும் திறந்து முகர்ந்து பார்க்காதீர்கள், தெளிவாக இருப்பதையும் ருசி பார்க்காதீர்கள். குழாயைக் கழற்றாமல், பஞ்சை எடுக்காமல் அப்படியே குக்கரில் 30 நிமிடம் வைத்து, ஆறிய பிறகு கழிவறையில் கொட்டுங்கள். குக்கருக்குள் நுழையாத குடுவைகளில் ப்ளீச்சிங் பவுடர் கரைசலை நிறைய ஊற்றி ஒரு நாள் விட்டுவிட்டுக் கொட்டலாம். கழுவிய குடுவைகளைச் சமையலுக்குத் திருப்பி எடுக்க வேண்டாம்.

குடுவை 4-ஐ மட்டும் கொட்ட மனம் வராது. அலமாரியின் மேல் தட்டில், யார் கையும் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். என்னுடையது பதினான்கு மாதமாக நிற்கிறது. குழாய் வழியாக ஆவியாகி சாறு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது, நிறம் கொஞ்சம் கருத்திருக்கிறது. டார்ச் அடித்தால் ஒளி மட்டும் முதல் நாள் போலவே போகிறது.